வாரத்துக்கு இரண்டே மணி நேரம்: பிள்ளைகளின் கூடைப்பந்துப் பயிற்சியை எப்படிப் பிரிப்பது?

பள்ளி விட்டு 5 மணிக்குக் கோர்ட்டுக்கு வந்து, 6 மணிக்கு வேன் ஏறிவிடும் பிள்ளைகள் 18 பேருக்கு நான் பயிற்சி கொடுக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள்தான், ஒரே சிமெண்ட் கோர்ட், இரண்டு போஸ்ட், 9 பந்து. இதே நிலைமையில் இருக்கும் பி.டி. சார்களுக்கும் மிஸ்களுக்கும் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்குப் பார்ப்போம். 18 பேரையும் ஒரே வரிசையில் நிறுத்தி லே-அப் (ஓடிவந்து வளையத்துக்கு அருகில் எம்பிப் பந்தைப் போடுவது) போடச் சொன்னால், ஒருவருக்கு 5 நொடி வீதம் 10 நிமிடத்தில் 120 முறை. ஆளுக்கு 6 அல்லது 7 தடவை, அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் பிள்ளை வரிசையில் நின்று முன்னால் இருப்பவனைச் சீண்டிக்கொண்டிருக்கும். இரண்டு போஸ்ட்டையும் பயன்படுத்தினாலே ஆளுக்கு 13 ஆகிவிடும். நேரம் போதவில்லை என்று நாம் புலம்புவதில் பாதி, உண்மையில் இந்த வரிசையில்தான் கரைகிறது.

அதனால் 5 ரவுண்டு ஓடிவிட்டு வா என்பதை நான் விட்டுவிட்டேன். வார்ம்-அப்புக்கான முதல் 8 நிமிடமும் பந்தோடுதான். இரண்டு பேருக்கு ஒரு பந்து, ஒருவர் டிரிபிள் செய்துகொண்டே, அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே, தப்பிக்க வேண்டும், மற்றவர் விரட்ட வேண்டும், ஓடிப்பிடிச்சு மாதிரிதான், விசில் அடித்ததும் மாறிக்கொள்வார்கள். உடம்பும் சூடாகும், பந்தைப் பார்க்காமல் தலை நிமிர்ந்து ஓடவும் பழகிவிடுவார்கள்.

அடுத்த 15 நிமிடம் ஒரே ஒரு திறமை. ஒன்றே ஒன்று! இந்த வாரம் இடது கை லே-அப் என்றால் இரண்டு நாளும் அதுதான். நின்றுகொண்டு விளக்கம் சொல்வதை 30 நொடிக்குள் முடித்துவிடுங்கள், மிச்சத்தை அவர்கள் செய்யும்போது பக்கத்தில் போய்ச் சொன்னால் போதும். கோன் இல்லையென்றால் தண்ணீர் பாட்டிலை வைக்கலாம், ஆனால் பிள்ளைகள் வருவதற்கு முன்பே வைத்துவிடுங்கள்.

தண்ணீர் குடிக்க 2 நிமிடம். வெயில் காலத்தில் இன்னொரு இடைவேளையும் கொடுங்கள், அதில் மட்டும் நேரத்தை மிச்சம் பிடிக்கவே கூடாது.

அப்புறம் 12 நிமிடம் மூன்றுக்கு மூன்று. பயிற்சியிலேயே எனக்கு மிக முக்கியமான பகுதி இது. ஆறு ஆறு பேராக மூன்று குழு, இரண்டு குழு ஆளுக்கொரு போஸ்ட்டில் ஆடும், மூன்றாவது குழு ஓரமாகச் சுவரில் பந்தை எறிந்து பாஸ் பழகும். 4 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றினால் எல்லாருக்கும் 8 நிமிட ஆட்டம் கிடைத்துவிடும். ஐந்துக்கு ஐந்தில் கூச்சப்படும் பிள்ளைக்குப் பந்தே வராது, இங்கே மூன்று பேர்தான் என்பதால் ஒளிய முடியாது. அன்றைக்குச் சொல்லிக்கொடுத்ததை ஆட்டத்துக்குள்ளேயே விதியாக வையுங்கள்: இடது கையில் போட்டால் இரட்டைப் புள்ளி. பாஸ் வாரம் என்றால் இரண்டு டிரிபிளுக்கு மேல் கிடையாது.

பிறகு 15 நிமிடம் முழுக் கோர்ட் ஆட்டம், நடுவில் அதிகம் நிறுத்தாதீர்கள். அது முடிந்து மூச்சு வாங்கும்போதே ஆளுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று போடுவது), ஏனென்றால் மேட்சிலும் அப்படித்தானே போட வேண்டியிருக்கும்.

12 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 5-ம் எண் பந்து வாங்குங்கள். 7-ம் எண் பந்தைக் கொடுத்து 3.05 மீட்டர் உயர வளையத்தில் போடச் சொன்னால், குழந்தை இடுப்பிலிருந்து இரண்டு கையாலும் வீசத்தான் செய்யும். அந்தப் பழக்கத்தைப் பிறகு திருத்த நம்மிடம் நேரம் இருக்காது. ஸோன் டிஃபென்ஸ் (ஆளை அல்ல, இடத்தைப் பிரித்துக் காப்பது), செட் பிளே (முன்பே திட்டமிட்ட ஆட்ட நகர்வு) எல்லாம் இந்த வயதுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. போட்டி நெருங்கினால் மட்டும் த்ரோ-இன்னுக்கு (கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே கொடுப்பதற்கு) 5 நொடி, பாதிக் கோர்ட்டைத் தாண்ட 8 நொடி என்ற விதிகளை முழுக் கோர்ட் ஆட்டத்தில் சத்தமாக எண்ணிப் பழக்குங்கள்.

மழை பெய்து கோர்ட் வழுக்கினால் பயிற்சியை ரத்து செய்யாமல் வராந்தாவில் பிவட்டும் (ஒரு காலை ஊன்றி மற்றக் காலால் திரும்புவது) பாஸும் செய்யலாம். வீட்டுக்கும் தினம் 10 நிமிட வேலை கொடுங்கள். மொட்டை மாடியில் பந்தைத் தட்டினால் கீழ்வீட்டில் சத்தம் போடுவார்கள் என்றால், இடுப்பைச் சுற்றியும் கால்களுக்கு நடுவிலும் பந்தைக் கைமாற்றிப் பழகட்டும்.