நகராட்சி இல்லாத சிற்றூரின் வரலாற்றை எழுதுவது எப்படி?

தனக்கென நகராட்சி இல்லாத அமெரிக்கச் சிற்றூரைப் பற்றி எழுத விரும்புவோர், ஊரின் பெயரில் ஆவணங்கள் அதிகம் கிடைக்காது என்பதால், கவுண்டி (மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு) அலுவலகத்து நிலப் பத்திரங்களிலிருந்து தொடங்குவது நல்லது. அடுத்து அஞ்சலகம் திறந்த, மூடிய ஆண்டுகளைத் தேடுங்கள். ஊரின் ஏற்றமும் இறக்கமும் அவற்றில் தெரியும்.

கான்சாஸ் மாநிலத்து நிக்கோடிமஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் கென்டக்கியிலிருந்து வந்து 1877-இல் அமைத்த அவ்வூரில், மரம் அரிதான புல்வெளியில் வீடு கட்ட வழியின்றி, முதல் குளிர்காலத்தை மண்ணைக் குடைந்த குழிவீடுகளிலேயே கழித்தார்கள். அப்போது ஓசேஜ் பழங்குடியினர் வேட்டை இறைச்சி தந்து உதவியதைக் குடும்பங்கள் வழிவழியாகச் சொல்லி வந்திருக்கின்றன. இத்தகைய செய்தி பத்திரங்களில் அகப்படாது. ஆகவே முதியவர்களிடம் அமர்ந்து கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஊர் ஏன் தேய்ந்தது என்பதையும் தெளிவாக எழுதுங்கள். 1888-இல் இரயில் பாதை நிக்கோடிமஸைத் தொடாமல் ஆற்றின் மறுகரையில் சென்றதால், வணிகர்கள் பலர் அருகிலுள்ள போக் என்ற ஊருக்குப் பெயர்ந்தனர். 1890-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கேடுகள் 1921 தீவிபத்தில் பெரும்பாலும் அழிந்ததால், அக்கால இடைவெளியைத் தேவாலயப் பதிவேடுகளையும் கல்லறைக் கற்களையும் கொண்டே நிரப்ப வேண்டியிருக்கும்.