குயில்ட்டுக்கு அடியில் ஃப்ளீஸா, பிளானலா?

குயில்ட்டின் (துணி அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை) அடித்துணியாக ஃப்ளீஸ் (மெத்தென்ற, கம்பளி போன்ற துணி) போட்டால் நடுவில் பஞ்சு அடுக்கே வேண்டாம், மேல்துணியும் ஃப்ளீஸும் சேர்ந்தாலே போதுமான சூடு. பஞ்சையும் வைத்தால் கனத்துப்போய் தையல் மெஷினுக்குள் நுழைக்கவே பெரும்பாடு.

ஃப்ளீஸ் பாலியெஸ்டர், துவைத்தால் சுருங்காது. ஆனால் மேலே போடும் பருத்தி சுருங்கும், அதனால் பருத்தியை முதலிலேயே துவைத்துக் காயவைத்து விடுங்கள். ஃப்ளீஸின் பெரிய தொல்லை அது இழுபடுவதுதான், அகலவாக்கில் ரொம்பவே. தரையில் விரிக்கும்போது இழுத்துப் பிடித்து டேப் போட்டு ஒட்டாதீர்கள், சுருக்கம் போக மெதுவாகத் தடவினால் போதும், இல்லையென்றால் தைத்து முடித்ததும் அது பழைய அளவுக்குத் திரும்பி மேல்துணி முழுக்கச் சுருக்கம் விழும். ஊசிகளை நெருக்கமாகக் குத்துங்கள், மேல், கீழ் துணிகளை ஒரே சீராக நகர்த்தும் வாக்கிங் ஃபுட் என்ற பாதத்தை மெஷினில் மாட்டுங்கள் (இது இல்லாமல் நான் தொடவே மாட்டேன்), தையல் நீளத்தை 3 முதல் 3.5 மில்லிமீட்டர் வரை வையுங்கள். அப்புறம், சூடான இஸ்திரிப்பெட்டி ஃப்ளீஸில் படவே கூடாது, உருகிவிடும்.

பிளானல் (மேற்பரப்பு பஞ்சுபோல் மென்மையாக இருக்கும் நெய்த துணி) வேறு விதம். பருத்தி என்றால் நன்றாகவே சுருங்கும், துவைக்காமல் வெட்டாதீர்கள். ஓரம் பிரியும், ஆகவே பிளானல் துண்டுகளை ஒன்றோடொன்று இணைக்கும்போது கால் அங்குலத்துக்குப் பதில் அரை அங்குலம் தையலுக்கு விடுங்கள். நடு அடுக்காகவும் பிளானலை வைக்கலாம், மெல்லிய கோடைப் போர்வைக்கு என் தேர்வு அதுதான். பஞ்சுத்தூசு நிறைய உதிரும், மெஷினில் கீழ்நூல் சுற்றிய பாபின் இருக்கும் பகுதியை அடிக்கடி துடையுங்கள்.