மொரிஷியஸின் கிரியோல்: பேசும்போதும் எழுதும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரிஷியஸுக்குச் சென்று திரும்பியவர்கள் எழுதும் பயணக் கட்டுரைகளில் ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: "இங்கே மக்கள் உடைந்த பிரெஞ்சு பேசுகிறார்கள்." அடுத்த பத்தியில் செகா நடனம் வரும், பூப்போட்ட பாவாடை, கடற்கரை, நிலவு. அதற்கும் அடுத்து, முருங்கைக்கு அங்கே 'முரும்' என்று பெயர், ஆகவே எல்லாமே நம்மிடமிருந்து போனவைதான் என்ற பூரிப்போடு கட்டுரை முடியும். எழுதியவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. ஆனாலும் அடிமைகளாக விற்கப்பட்ட மக்கள் தாங்களே உண்டாக்கிக்கொண்ட மொழியையும் பாட்டையும் இப்படிச் சொன்னால், உண்டாக்கியவர்கள் அவர்கள் என்பதே மறைந்துபோகிறது. எனக்கு இதில் மனம் ஆறுவதில்லை.

"உடைந்த பிரெஞ்சு"

மொரிஷியஸ் கிரியோலின் சொற்களில் பெரும்பான்மை பிரெஞ்சிலிருந்து வந்தவை. இது உண்மை. ஆனால் ஒரு மொழியின் எலும்புக்கூடு அதன் இலக்கணத்தில் இருக்கிறது. அங்கே கிரியோல் தன் வழியில் நடக்கிறது.

பிரெஞ்சில் வினைச்சொல் நான், நீ, அவன் என்று ஆளுக்கேற்ப வடிவம் மாறும். கிரியோலில் அப்படி மாறாது. காலத்தையும் செயலின் நிலையையும் வினைக்கு முன் நிற்கும் சிறு சொற்கள் காட்டிவிடும். 'மோ பே மான்ஸே' என்றால் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். 'மோ தி மான்ஸே' என்றால் சாப்பிட்டேன். 'மோ ஃபின் மான்ஸே' என்றால் சாப்பிட்டுவிட்டேன். 'மோ பு மான்ஸே' என்றால் சாப்பிடுவேன். 'சாப்பிட்டேன்' என்பதற்கும் 'சாப்பிட்டுவிட்டேன்' என்பதற்கும் உள்ள வேறுபாடு தமிழருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த நுட்பத்தைத் 'தி', 'ஃபின்' என்ற இரண்டு ஓரசைச் சொற்களில் கிரியோல் வைத்திருக்கிறது.

இன்னொரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. 'மான்ஸே' என்ற வினைக்குப் பின் செயப்படுபொருள் வந்தால் கடைசி உயிர் உதிர்ந்துவிடும். 'மோ மான்ஸ் திரி' என்றால் நான் சோறு சாப்பிடுகிறேன். திரி என்பது அரிசி, சோறு. பொருள் எதுவும் பின்னால் வராதபோது வினை மறுபடி முழுதாக 'மான்ஸே' என்று நிற்கும். இப்படி ஒரு விதி பிரெஞ்சில் இல்லை. பள்ளிக்கூடம் போகாத பாட்டியும் மூன்று வயதுக் குழந்தையும் இதைப் பிசகாமல் பேசுகிறார்கள். உடைந்துபோன மொழி என்று சொல்லப்படுவதில் இத்தனை ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தாலே அந்தப் பழிச்சொல் தானாக உதிர்ந்துவிடும்.

சொற்களிலும் பாருங்கள். தண்ணீருக்கு 'திலோ'. வீட்டுக்கு 'லகாஸ்'. குழந்தைக்கு 'ஸான்ஃபான்'. பிரெஞ்சில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் தனியே நிற்கும் துணைச்சொல் இவற்றில் பெயரோடு ஒட்டி ஒரே சொல்லாகிவிட்டது. 'ஸான்ஃபான்' என்பதன் முதல் ஒலி, பிரெஞ்சுப் பன்மைத் துணைச்சொல்லின் வால். ஆனாலும் கிரியோலில் ஒற்றைக் குழந்தையும் ஸான்ஃபான்தான். பல குழந்தைகள் என்றால் முன்னால் 'பான்' சேர்த்துப் 'பான் ஸான்ஃபான்'. புத்தகத்தைக் காட்டி யாரும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. காதில் விழுந்ததை வைத்து, ஒரு சொல் எங்கே தொடங்குகிறது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள்.

அவர்கள் யார்? டச்சுக்காரர்கள் 1710-இல் கைவிட்டுப் போன தீவில், 1721-இல் பிரெஞ்சுக்காரர்கள் குடியேற்றத்தைத் தொடங்கினார்கள். மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் மனிதர்களை அடிமைகளாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. எசமானனின் மொழியோ அதட்டலாக மட்டுமே காதில் விழும். அந்த நிலையில் பிறந்த மொழி இது. 1810-இல் தீவு பிரிட்டிஷாரிடம் போனது. 1968 மார்ச் 12 விடுதலை நாள்வரை ஆங்கிலேயர் ஆண்டும் கிரியோல் அசையவில்லை.

கிரியோல், அதாவது பல மொழியினர் கலந்த இடத்தில் புதிதாகப் பிறக்கும் மொழி, ஏதோ தொலைதூரத் தீவின் விநோதம் என்று நினைப்பதும் சரியில்லை. மட்டக்களப்பின் பறங்கியரிடம் போர்த்துக்கீசக் கிரியோல் ஒன்று தலைமுறைகளாக இருந்துவருகிறது. அதன் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது; பக்கத்து வீட்டுத் தமிழ் அங்கே அவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது.

மொழியின் பெயரும் மக்களின் பெயரும்

'கிரியோல்' என்ற ஒரே சொல் மொரிஷியஸில் இரண்டைக் குறிக்கிறது. ஒன்று, ஏறக்குறைய எல்லோரும் பேசும் மொழி. மற்றொன்று, பெரும்பாலும் ஆப்பிரிக்க, மலகாசி (மடகாஸ்கர்) அடிமைகளின் வழிவந்த சமூகம். இரண்டையும் குழப்பிக்கொண்டு, "கிரியோல் பேசுகிறவர், ஆகவே கிரியோல்காரர்" என்று எழுதினால் அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் எல்லாமே அந்தக் கணக்கில் வந்துவிடும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் கிரியோல் பேசுவதாகச் சொன்னவர்கள் 84 விழுக்காடு. இந்தி, உருது, தமிழ், தெலுங்கு, மராத்தி வழிவந்தவர்களும் சீன வழிவந்தவர்களும் இதில் இருக்கிறார்கள்.

மறுபுறம், கிரியோல் சமூகத்தின் பெயர் அரசியல் சட்டத்தில் இல்லை. இந்து, முஸ்லிம், சீன மொரிஷியர் என்று மூன்று பெயர்களைச் சொல்லிவிட்டு, மீதமுள்ள அனைவரையும் 'பொது மக்கள்தொகை' என்ற ஒரே வகைக்குள் அது வைக்கிறது. தனக்கென்று ஒரு பெயர்கூட இல்லாமல் எஞ்சியவர்களில் ஒருவராக எண்ணப்படுவது என்ன வலி என்பதை, பெயரின் அருமை தெரிந்த யாரும் உணர முடியும்.

அங்குள்ள தமிழரைப் பார்த்து "தமிழை மறந்துவிட்டீர்களே" என்று அங்கலாய்ப்பதையும் நிறுத்திக்கொள்ளலாம். தைப்பூசக் காவடி அங்கே அரசு விடுமுறை நாள். ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து இருக்கிறது. 1998-இல் வெளிவந்த புதிய தாள்களில் இந்திக்குப் பின்னால் தமிழ் தள்ளப்பட்டபோது எழுந்த எதிர்ப்பில் அந்தத் தாள்களே திரும்பப் பெறப்பட்டன. கோயிலில் தேவாரம், வீட்டில் கிரியோல், அலுவலகத்தில் ஆங்கிலம், செய்தித்தாளில் பிரெஞ்சு என்று ஒரே மனிதர் நான்கு மொழிகளில் வாழ்கிறார். இவற்றில் அவர் கனவு காணும் மொழி கிரியோல். அதைக் குறையாகப் பேசுவது அவருடைய அம்மாவின் பேச்சைக் குறையாகப் பேசுவதுதான்.

இவ்வளவு இருந்தும் அந்த மொழி பள்ளிக்குள் நுழைய 2012 ஆகிவிட்டது. 'மூதாதையர் மொழி' என்ற பெயரில் தமிழும் இந்தியும் உருதுவும் மாண்டரினும் ஏற்கெனவே வகுப்பறையில் இருந்தன. பிள்ளைகள் காலையில் கண்விழித்துப் பேசும் மொழிக்கு மட்டும் இடமில்லை. 2010-இல் கிரியோலுக்கென ஒரு கல்விக்கழகம் அமைந்து, 2011-இல் எழுத்துமுறை வகுக்கப்பட்ட பிறகுதான் தொடக்கப் பள்ளிகளில் அது விருப்பப் பாடமானது. ஆகவே கிரியோல் சொற்களைப் பழைய வழக்கப்படி பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் எழுதாதீர்கள். அதற்கென்று ஓர் எழுத்துமுறை உண்டு. தமிழில் எழுதினாலும் பிரெஞ்சு உச்சரிப்பைத் தவிர்த்து, கிரியோல் ஒலிப்பைப் பின்பற்றுங்கள்.

வேர் தேடும் ஆசை

நம்மிடம் அதிகம் காணப்படும் தவறு இது என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். கிரியோலில் தமிழ்ச் சொற்கள் இருக்கின்றன. முருங்கைக் கீரை 'பிரெத் முரும்'. கறிவேப்பிலை 'கரிபுலே'. பீர்க்கங்காய் 'பிபெங்காய்'. விழா நாளில் வாழை இலையில் பரிமாறும் விருந்துக்கு 'செத் கரி', அதாவது ஏழு கறி என்று பெயர். எல்லாமே அடுப்பங்கரையையும் கீரைப் பாத்தியையும் சேர்ந்தவை என்பதைக் கவனியுங்கள். எந்த இடத்தில் நம் மக்கள் மற்றவர்களோடு கலந்து வாழ்ந்தார்களோ அந்த இடத்துச் சொற்கள் தங்கியிருக்கின்றன.

இதிலிருந்து ஒரே தாவலாகத் தாவி, செகாவின் முரசான 'ரவான்' என்ற பெயரைக் கேட்டதும் இராவணனை இழுத்துக்கொண்டு வருவதுதான் சிக்கல். இரண்டு சொற்கள் காதுக்கு ஒன்றுபோல ஒலிப்பது சான்றாகாது. அந்த முரசைத் தோள் வலிக்க அடித்துக் காப்பாற்றியவர்கள் அடிமைகளின் பிள்ளைகள். பெயரின் ஓசை ஒன்றை வைத்து அவர்கள் கையிலிருந்து அதை வாங்கிக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

வேறொரு பிழையும் இதோடு வருகிறது. மொரிஷியஸ் இந்தியர் வரலாற்றை 1834 நவம்பர் 2-இல் 'அட்லஸ்' கப்பலில் ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கியதோடு தொடங்குவார்கள். அதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 1735-இல் ஆளுநரான லா பூர்தொன்னேயின் காலத்தில், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கைவினைஞர்கள் போர்ட் லூயி நகரைக் கட்டச் சென்றார்கள். இந்தியாவிலிருந்து அடிமைகளாகவே கொண்டுசெல்லப்பட்டவர்களும் உண்டு. இந்தக் கடைசி உண்மையை நம் கட்டுரைகள் தாண்டிப் போய்விடுகின்றன. அவர்களுடைய பிள்ளைகளும் கிரியோல் மொழி பிறந்த கூட்டத்துக்குள் இருந்தவர்கள்தான். பெருமைக்குரிய வேரைத் தேடும் நாம் இந்த வேரையும் பார்க்க வேண்டும்.

செகாவை விடுதி மேடையில் மட்டும் பார்ப்பது

கடற்கரை விடுதியில் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அரைமணி நேரம் ஆடப்படும் செகா பொய்யில்லை. ஆடுகிறவர்களுக்கு அது பிழைப்பு. ஆனால் அதை மட்டும் பார்த்துவிட்டு "குதூகலமான தீவு நடனம்" என்று எழுதினால் பாதிக்கும் மேல் விடுபட்டுப்போகும். யுனெஸ்கோ 2014-இல் மனிதகுலத்தின் மரபாகப் பட்டியலில் சேர்த்தது 'செகா திபிக்' எனப்படும் பழைய செகாவை.

அதற்கு மூன்று கருவிகள் போதும். ஆட்டுத்தோல் போர்த்திய பெரிய வட்ட முரசு ரவான். கரும்புப் பூத்தண்டுகளை வரிசையாகக் கட்டி, உள்ளே விதைகளை இட்டு, இரு கைகளாலும் குலுக்கும் தட்டையான பெட்டி மரவான். பிறகு ஓர் இரும்பு முக்கோணம். ஆட்டம் தொடங்குமுன் தீ மூட்டி ரவானின் தோலைக் காய்ச்சுவார்கள். பறை காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த மணமும் தோல் இறுகும் ஓசையும் தெரிந்திருக்கும். ஆடுகிறவர்களின் பாதம் தரையைவிட்டு எழாது. மணலைத் தேய்த்தபடி நகரும். பாடல் நிற்கும் இடத்தில் முரசு பேசும், முரசு தணியும் இடத்தில் ஒரு பெண் குரல் எழுந்து கேலியோ புலம்பலோ சொல்லும். பகலெல்லாம் கரும்புத் தோட்டத்தில் வாய்மூடி இருந்தவர்கள் இரவில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்ட முறை இது. இசையை மட்டும் கேட்டுவிட்டு வரியைக் கேட்காமல் போவதுதான் செகா விஷயத்தில் நடக்கும் பெரிய தவறு. பக்கத்தில் இருப்பவரிடம் "என்ன பாடுகிறார்?" என்று ஒரு முறை கேளுங்கள்.

நெடுநாள் மரியாதைக் குடும்பங்கள் இதைக் கீழானதாக ஒதுக்கி வைத்திருந்தன. 1964-இல் லெ மோர்ன் அருகே நடந்த செகா இரவில் பாடகர் தி ஃப்ரேர் 'செகாவின் அரசர்' என்று முடிசூட்டப்பட்டபோது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. 1992 வரை வாழ்ந்தார்.

அந்த லெ மோர்ன் மலை பற்றியும் ஒரு சொல். தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த மலை அது. 2008 முதல் உலகப் பாரம்பரியக் களம். 1835 பிப்ரவரி 1-இல் அடிமைமுறை முடிந்ததைச் சொல்ல வந்த படையினரைப் பிடிக்க வந்தவர்கள் என்று எண்ணி, மலையுச்சியில் இருந்தவர்கள் குதித்து இறந்தார்கள் என்று கதை சொல்கிறது. இதைத் தேதியிட்ட செய்திபோல எழுதுவதும் தவறு, "வெறும் கட்டுக்கதை" என்று தள்ளுவதும் தவறு. மக்கள் தங்கள் நினைவில் வைத்திருப்பது என்று எழுதினால் போதும். அந்த நினைவே ஒரு சான்று.

தீவுகளையும் கலந்துவிடக் கூடாது. ரீயூனியனின் மலோயா வேறு இசை; அங்கே அடிமைமுறை ஒழிந்ததும் 1848 டிசம்பர் 20-இல்தான். செஷல்ஸில் மூத்யா. ரோட்ரிக்ஸ் தீவின் முரசுச் செகாவுக்கு யுனெஸ்கோ பட்டியலில் தனி இடம் உண்டு. சாகோஸ் தீவுகளின் முரசுச் செகாவை யுனெஸ்கோ 2019-இல் அவசரமாகக் காக்க வேண்டியவற்றுள் சேர்த்தது. அந்தத் தீவுகளின் மக்கள் 1968-க்கும் 1973-க்கும் இடையில் தங்கள் மண்ணிலிருந்து முழுவதுமாக வெளியேற்றப்பட்டார்கள். அவர்களின் பாட்டு, அது பிறந்த கரையைப் பார்க்காமலே மொரிஷியஸிலும் செஷல்ஸிலும் பாடப்பட்டுவந்தது.

செகாவோடு ரெகே சேர்ந்து பிறந்த 'செகே'யை ஜமைக்காவின் நகல் என்று ஒதுக்குவோர் பாடகர் காயாவைக் கேட்டிருக்க மாட்டார்கள். 1999 பிப்ரவரி 21 அன்று அவர் போலீஸ் காவலில் இறந்தார். தொடர்ந்து சில நாட்கள் நாடே பற்றி எரிந்தது. ஒரு பாடகனின் சாவுக்கு அத்தனை கோபம் ஏன் எழுந்தது என்பதற்கான விடை, பெயரில்லாமல் எஞ்சியவர்களாக எண்ணப்பட்ட அந்தச் சமூகத்தின் நெடுநாள் காயத்தில் இருக்கிறது.

"எழுத்தில் வராததால் இலக்கியம் இல்லை"

இதைச் சொல்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு திண்ணை போதும். இரவில் கதைசொல்லி "சிரான்தான்!" என்று குரல் கொடுப்பார். கூடியிருப்பவர்கள் "சான்பெக்!" என்று பதில் குரல் கொடுப்பார்கள். விடுகதை தொடங்கிவிட்டது என்று பொருள். முன்னால் பார்த்த 'திலோ', தண்ணீர், நினைவிருக்கிறதல்லவா?

"திலோ திபுத்?" நின்றுகொண்டிருக்கும் தண்ணீர் எது?

"கான்!" கரும்பு.

"திலோ பாந்தான்?" தொங்கிக்கொண்டிருக்கும் தண்ணீர் எது?

"கோகோ!" தேங்காய்.