சுவரொட்டிக்கு மைதா பசை காய்ச்சுவது எப்படி?

போஸ்டர் ஒட்டக் கடையில் கோந்து வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். கண்ணீர் அஞ்சலியிலிருந்து கட்சி மாநாடு வரை நம் ஊர்ச் சுவர்களில் பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் மைதாவைக் காய்ச்சி ஒட்டியதுதான். 1 டம்ளர் மைதா, 5 டம்ளர் தண்ணீர், அடி கனமான பழைய பாத்திரம் ஒன்று, இவ்வளவு போதும். கோதுமை மாவிலும் காய்ச்சலாம், ஆனால் தவிடு இருப்பதால் வழவழப்பாக வராது.

முதலில் மைதாவில் ஒன்றரை டம்ளர் பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, தோசை மாவைவிட நீர்க்கக் கரையுங்கள். இங்கே அவசரமே கூடாது. மாவை அப்படியே கொதிநீரில் கொட்டினால் வெளிப்பக்கம் உடனே வெந்து மூடிக்கொள்ளும், உள்ளே மாவு காய்ந்தபடியே கிடக்கும். அந்தக் கட்டியை அப்புறம் எவ்வளவு கிண்டினாலும் உடைக்க முடியாது, ஒட்டிய பிறகு பேப்பருக்கு அடியில் புடைத்துக்கொண்டு நிற்கும்.

மீதித் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, தீயைக் குறைத்து, கரைத்த மாவை மெல்ல ஊற்றிக்கொண்டே கிண்டுங்கள். கொஞ்ச நேரம் வெறும் வெள்ளைத் தண்ணீராகத்தான் இருக்கும், திடீரென்று கரண்டி கனக்கும். மாவிலிருக்கும் ஸ்டார்ச் சுமார் 60 டிகிரி செல்சியஸில் தண்ணீரை உறிஞ்சி உப்ப ஆரம்பிப்பதுதான் காரணம். பலர் இந்த இடத்திலேயே அடுப்பை அணைத்துவிடுகிறார்கள், அந்தப் பசை காய்ந்ததும் உரிந்துவிடும். பால்வெள்ளை மறைந்து லேசான பளபளப்பு வந்து, பச்சை மாவு வாசனை போகும்வரை இன்னும் 3, 4 நிமிடம் அடிபிடிக்காமல் கிண்டுங்கள். கரண்டியைத் தூக்கினால் பட்டையாக வழிய வேண்டும். ஆறியதும் மேலே படியும் ஆடையை எடுத்துவிடுங்கள், இறுகிப்போனால் வெந்நீர் விட்டு அடித்துக்கொள்ளலாம்.

பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பார்கள். தயவுசெய்து சேர்க்காதீர்கள். அது விஷம், தெருவில் போஸ்டரைக் கிழித்துத் தின்கிற மாடுகளை நினைத்துப் பாருங்கள்.

இனி ஒட்டுவது. சுவர்க்காரரிடம் கேட்டுவிட்டு ஒட்டுங்கள், தமிழ்நாட்டில் இதற்கு 1959லிருந்தே சட்டம் இருக்கிறது. உதிர்கிற சுண்ணாம்பைத் துடைப்பத்தால் தட்டிவிட்டு, சுவரிலும் பேப்பரின் பின்பக்கமும் பசை தடவி, மேல் ஓரத்தை முதலில் பதியுங்கள். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தள்ளிக் காற்றை வெளியேற்ற வேண்டும். மூலைகளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வையுங்கள், போஸ்டர் கிளம்புவது எப்போதும் அங்கிருந்துதான். கடைசியாக மேலேயும் மெல்லிசாக ஒரு பூச்சு. இங்க்ஜெட்டில் அச்சடித்தது என்றால் இந்தப் பூச்சில் மை கலைந்துவிடும், ஜெராக்ஸ் பிரதியாக இருந்தால் பயமில்லை.

பசையை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள், நம் வெயிலுக்கு மறுநாளே புளித்து நாறும். மிஞ்சியதைச் சிங்க்கில் கொட்டாதீர்கள், குழாயில் இறுகி அடைத்துக்கொள்ளும்.