ஹார்ட் டிஸ்க் திடீரென்று காணாமல் போனால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எல்லாம் பண்ணிப் பார்த்துட்டேன் அண்ணா" என்று சொல்லி ஒரு தம்பி போன வாரம் தன் ஹார்ட் டிஸ்க்கை என் கையில் கொடுத்தார். என்னென்ன செய்தார் என்று கேட்கக் கேட்க எனக்கு வயிற்றைக் கலக்கியது. பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே வேலைகள், அதே வரிசையில். ரீஸ்டார்ட் செய்து பார், கேபிள் கழன்றிருக்கிறதா பார் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பயாஸைப் பார்க்காமல் விண்டோஸில் தேடுவது

டிஸ்க் எந்தக் கட்டத்தில் தொலைந்தது என்பதுதான் முதல் கேள்வி. பயாஸிலேயே (விண்டோஸுக்கு முன் வரும் மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை) பெயர் வரவில்லை என்றால் கேபிள், பவர், போர்ட், இல்லை டிஸ்க்கிலேயே கோளாறு. அப்போது விண்டோஸில் எதைத் தட்டியும் பயனில்லை. பயாஸில் இருக்கிறது, விண்டோஸில்தான் இல்லை என்றால் விண்டோஸிலேயே உள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். டிரைவ் எழுத்து (டி:, இ: போன்றது) மட்டும் போயிருந்தால் அங்கேயே திரும்பக் கொடுப்பது ஒரு நிமிட வேலை. அப்புறம், எம்.2 எஸ்எஸ்டி (மதர்போர்டிலேயே செருகும் மெல்லிய டிஸ்க்) ஒன்றைப் புதிதாகப் பொருத்திய அன்றே பழைய டிஸ்க் மறைந்ததா? பல மதர்போர்டுகளில் அந்த ஸ்லாட் நிரம்பினால் டிஸ்க் கேபிளைச் செருகும் சாட்டா போர்ட்களில் ஓரிரண்டு வேலை செய்யாது. எவை என்று மேனுவலில் இருக்கும்.

செக்டிஸ்க்கை முதலில் ஓட்டுவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. மறைந்த டிஸ்க் கொஞ்ச நேரம் தலைகாட்டியதும் எல்லோருடைய கையும் நேராக, விண்டோஸோடு வரும் பழுது பார்க்கும் கருவியான செக்டிஸ்க்குக்குத்தான் போகிறது. அதன் வேலை ஃபைல் சிஸ்டத்தின், அதாவது எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பதிவேட்டின், கணக்கை நேர் செய்வது. உங்கள் ஃபைல்கள் பிழைக்குமா என்பது அதன் கவலை இல்லை. கணக்கில் ஒட்டாத பதிவுகளை வெட்டி எறியும், அதையும் அந்த நோயாளி டிஸ்க்கின் மேலேயே எழுதும். கட்டளையோடு /ஆர் சேர்த்தால் டிஸ்க்கின் கடைசி செக்டார் (தகவல் எழுதும் சிறு கட்டம்) வரை படிக்கும். டிஸ்க்கைப் படிக்கும், சாகக் கிடக்கும் ஹெட்டை மணிக்கணக்கில் ஓடவிடுவதுதான் அது.

என் 1 டிபி டிஸ்க்கில் எட்டு வருடப் படங்கள் இருந்தன. இரவு /ஆர் போட்டுவிட்டுத் தூங்கினேன். காலையில், செக்டிஸ்க் தான் வெட்டிய துண்டுகளைப் போட்டு வைக்கும் ஃபவுண்ட்.000 என்று ஒரு ஃபோல்டர். உள்ளே ஃபைல்0000.சிஎச்கே, ஃபைல்0001.சிஎச்கே என்று வரிசையாக வெள்ளை ஐகான்கள். பழைய பெயர் ஒன்றுகூட இல்லை. ஒன்றை ஜேபெக் என்று பெயர் மாற்றித் திறந்தேன். மேலே மூன்றில் ஒரு பங்கு படம், அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். இரண்டு நாளில் டிஸ்க் பயாஸிலிருந்தும் போய்விட்டது.

சரி, என்ன செய்ய வேண்டும்? முதலில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற ஒன்றில் ஸ்மார்ட் விவரங்களைப் (டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவு) பாருங்கள். சி5 வரிசை பூஜ்யத்தைத் தாண்டியிருந்தால் படிக்க முடியாத செக்டார்கள் இருக்கின்றன. சி7 (தகவல் போய்வரும்போது நேரும் பிழைகளின் எண்ணிக்கை) ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் கேபிளில்தான் கோளாறு. சி5 ஏறியிருந்தால், அதே அளவோ அதற்கு மேலோ உள்ள இன்னொரு டிஸ்க்குக்கு டிடிரெஸ்க்யூ என்ற நகல் எடுக்கும் கருவி கொண்டு முழு நகல் எடுங்கள். எளிதாகப் படிக்க முடிவதை அது முதலில் எடுத்துவிட்டு, சிக்கலான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். மேப் ஃபைல் (எதுவரை படித்தது என்று குறித்து வைக்கும் ஃபைல்) கொடுத்திருந்தால், நடுவில் டிஸ்க் மறைந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பழுது பார்ப்பதெல்லாம் அந்த நகலின் மேல்தான்.

"ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்டால்

கேன்சல். டிஸ்க்கைப் புதிதாகத் தயார் செய்யவா என்று கேட்கும் இனிஷியலைஸுக்கும் அதே பதில். எஸ்எஸ்டியாக இருந்தால் குவிக் ஃபார்மேட் கூட ட்ரிம் கட்டளையை (பழைய தகவல் தேவையில்லை, அழித்துவிடலாம் என்று டிஸ்க்குக்குச் சொல்வது) அனுப்பிவிடும், அதன்பின் மீட்பது அநேகமாக நடக்காது.

வேறு பவர் சப்ளையின் கேபிளைச் செருகுவது

பவர் சப்ளையிலிருந்து கழற்றக்கூடிய மாடுலர் கேபிள்கள் பார்க்க ஒன்றுபோல இருக்கும். சப்ளை பக்கத்துப் பின் வரிசைக்குப் பொதுத் தரம் கிடையாது. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் டிஸ்க் கருகிவிடும்.

மூடியைத் திறப்பது

ஹெட் தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. ஒரு தூசி போதும்.

டக் டக் சத்தத்தோடு திரும்பத் திரும்ப ஆன் செய்வது

உடனே அணையுங்கள்.

அந்தத் தம்பியின் டிஸ்க்கில் சி5 பூஜ்யம், சி7 மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. சாட்டா கேபிளை மாற்றியதும் டிஸ்க் மறையாமல் நின்றது. ஆனால் அதற்குள் அவர் செக்டிஸ்க்கை இரண்டு முறை ஓட்டியிருந்தார், இரண்டு முறையும் பாதியில் டிஸ்க் மறைந்திருந்தது. ஃபவுண்ட்.000 ஃபோல்டரை வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் இன்னும் உட்கார்ந்திருக்கிறோம்.