சத்துணவு மையப் பொறுப்பாளர்கள் கவனத்திற்கு

அரிசியை அளக்கும்முன் அன்றைய வருகைப் பதிவேட்டைப் பார்த்து, தொடக்கப் பள்ளிக் குழந்தை ஒன்றுக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய் எனவும், 6 முதல் 8 ஆம் வகுப்பு வரை உள்ளோருக்கு முறையே 150, 30, 75, 7.5 கிராம் எனவும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். இவை மத்திய அரசு வகுத்த அளவுகள். காய்கறியில்தான் எளிதில் குறை விழும் என்பதால், அதை மட்டுமாவது கண்ணளவில் விடாமல் தராசில் நிறுத்துப் போடுவது நல்லது. அங்கன்வாடியில் 3 முதல் 6 வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் என்பது 2023 இல் திருத்தப்படும் வரை இருந்த அளவு.

சமையலர் எண்ணிக்கைக்கும் விதி உண்டு: 25 மாணவர் வரை ஒருவர், 100 வரை இருவர், அதற்கு மேல் ஒவ்வொரு நூறு பேருக்கும் கூடுதலாக ஒருவர்.

பரிமாறும்முன் ஆசிரியர் ஒருவர் உள்ளிட்ட பெரியவர்கள் சுவைத்துப் பார்த்து, அதைப் பதிவேட்டில் குறித்துவைக்க வேண்டும். குழந்தைகளின் உயிரைக் காக்கும் இந்தச் சோதனையை எவ்வளவு அவசரமானாலும் தவிர்க்கக் கூடாது. 2015 ஆம் ஆண்டு விதிகளின்படி, பள்ளி நாளில் உணவு வழங்க இயலாது போனால், தானியமும் சமையல் செலவுத் தொகையும் அடங்கிய உணவுப் பாதுகாப்புப் படியைக் குழந்தைக்கு வழங்கியாக வேண்டும்.