ஆச்சியிடம் சிரிப்பு வேடம் பழக

எங்கள் பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் சிரிப்பு வேடம் கிடைத்த பிள்ளைகளை நடிகை 'ஆச்சி' மனோரமா படம் பார்க்கச் சொல்வேன். மறுநாளே 'கம்முனு கெட' என்று கத்திக்கொண்டு வருவார்கள். ஒருத்தி அப்படியே கத்திக் கத்தி, ஒத்திகைக்குள் தொண்டை கட்டி, வெந்நீரும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். குரலைக் காப்பியடிக்காதீர்கள். அதற்கு வேறு வழி இருக்கிறது.

முதலில் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஆச்சி பிறந்தது மன்னார்குடியில், வளர்ந்தது காரைக்குடி பக்கத்துப் பள்ளத்தூரில். ஆனால் 'பொம்மலாட்டம்' (1968) படத்தில் அவரே பாடிய 'வா வாத்தியாரே ஊட்டாண்ட' பாட்டைக் கேட்டால், மெட்ராஸைத் தாண்டாதவர் என்றே தோன்றும். 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) படத்தில் அந்தக் 'கம்முனு கெட' சொல்லும் கண்ணம்மா பேசுவதையும் கேளுங்கள். எந்த எழுத்தை இழுக்கிறார், எங்கே மூச்சு விடுகிறார் என்று வசனத்தாளில் பென்சிலால் கோடு போடுங்கள்.

அடுத்து, 'தில்லானா மோகனாம்பாள்' (1968). இதற்கு மூன்று தடவையாவது வேண்டும். ஜில் ஜில் ரமாமணி சிவாஜியிடம் நாயனத்தைப் பற்றிக் கேட்கும் இடத்தைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, முகத்தை மட்டும் பாருங்கள். இந்தச் சத்தம் எல்லா நாயனத்திலும் வருமா, உங்கள் நாயனத்தில் மட்டும்தானா என்பதுதான் கேள்வி. ஊரே சிரிக்கிறது. ரமாமணிக்கோ அது ஜோக் என்றே தெரியாது. நிஜமாகவே சந்தேகம் கேட்கிறாள். நம் பிள்ளைகள் வசனம் வரும் முன்பே தாங்கள் சிரித்துவிடுவதுதான் சிக்கல்.

'நடிகன்' (1990) படத்தில் எதிராளி பேசும்போது ஆச்சியை மட்டும் கவனியுங்கள். கிழவர் வேஷம் போட்ட சத்யராஜை நம்பி, ஐம்பது தாண்டிய வயதில் எப்படி வெட்கப்படுகிறார்! வசனமே வேண்டியிருக்கவில்லை.

அழுகையையும் விடாதீர்கள். நாடகத்தில் கதாநாயகி வேடம் போட்டவரை, 1958-ல் தன் 'மாலையிட்ட மங்கை'யில் சிரிப்பு வேடத்துக்குக் கொண்டுவந்தவர் கண்ணதாசன். தேசிய விருது கிடைத்ததோ 'புதிய பாதை' (1989) படத்தின் குணச்சித்திர வேடத்துக்கு.

அப்புறம் படத்தை நிறுத்திவிட்டுத் தெருவுக்குப் போங்கள். தொண்டை கட்டிய அந்தப் பெண் மறு வருடம் பூக்காரி வேடம் போட்டாள். ஒரு வாரம் பஸ் ஸ்டாண்டு பூக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்து முழம் போடக் கற்றுக்கொண்டு வந்தாள். மேடையில் முழம் போடும்போது கையைக் கொஞ்சம் மடக்கினாள் பாருங்கள், பின்வரிசை வரை சிரிப்பு.